சாய ஊசி ஆஞ்சியோவா, ஊசியில்லாத ஓசிடி ஆஞ்சியோவா?

சர்க்கரையால் விழித்திரை பாதித்த பலர், பெங்களூரு ஆஸ்பத்திரிகளில் விழித்திரை ரத்த நாளங்களைப் படமெடுக்கும் இந்த இரண்டு பரிசோதனைகளில் எதைச் செய்துகொள்வது என்று தயங்குகிறார்கள்.

செய்முறை: சாய ஊசியில் 10% ஃபுளோரசின் சாயம் 5 மி.லி. கை நரம்பில் ஏறும். 10–15 விநாடியில் சாயம் விழித்திரையை எட்டும். நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். சுமார் பத்து நிமிடம் படமெடுப்பார்கள். ஓசிடி என்பது ஒளியால் எடுக்கும் ஸ்கேன்; அதில் ஊசி இல்லை, ஓடும் ரத்த அணுக்களின் அசைவே படமாகிறது. சில விநாடிகளில் முடியும்.

எது தெரியும்: ரத்த நாளக் கசிவைக் காட்டுவது சாயம் மட்டுமே. விளிம்புப் பகுதியில் அடைபட்ட நாளங்களும் அதில்தான் நன்றாகத் தெரியும். ஓசிடி நுண்நாளங்களை அடுக்கு அடுக்காகப் பிரித்துக் காட்டும். ஆனால் 3 அல்லது 6 மி.மீ. சதுரத்துக்குள்தான் கூர்மை. கண் அசைந்தால் படத்தில் கோடு விழும், முற்றிய புரை இருந்தால் மங்கும்.

தொல்லை: சாயம் ஏறியதும் சிலருக்குக் குமட்டும். தோல் சில மணி நேரம் மஞ்சளாகும். சிறுநீர் ஒரு நாளுக்கு மேலும் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம். நரம்புக்கு வெளியே கசிந்தால் கடுமையாக எரியும், உடனே சொல்லுங்கள். கடும் ஒவ்வாமை அபூர்வம்தான், ஆனாலும் அவசர மருந்துகள் தயாராக உள்ள இடத்தில் மட்டுமே செய்துகொள்ளுங்கள். ஓசிடிக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது.

லேசர் எங்கே வைப்பது என்று முடிவெடுக்கச் சாய ஊசி. கர்ப்பிணிகள், முன்பே சாய ஒவ்வாமை வந்தவர்கள், அடிக்கடி மையப் பகுதியைப் பரிசோதிப்பவர்கள் என்றால் ஓசிடி. எதுவானாலும், கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. திரும்ப மெட்ரோவோ ஆட்டோவோ பிடியுங்கள்.