கொலுசு கேட்ட இடத்தில் சலங்கை: மொட்டை மாடிப் பேய்க்கதை மாலை எப்படி இருக்கிறது?

பிறந்தநாள் விழா என்றால் மேஜிக் ஷோ, முகத்தில் புலி வரைகிறவர், பலூன்காரர் என்று பழகிப்போன பெங்களூர் அபார்ட்மென்ட்களுக்கு இப்போது பேய்க்கதை வந்து சேர்ந்திருக்கிறது. அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து கூப்பிட்டால் மொட்டை மாடிக்கே வந்து நடத்திக் கொடுக்கிறார்கள். கதை சொல்ல ஒரு பெண், சத்தமும் வெளிச்சமும் பார்த்துக்கொள்ள ஒரு இளைஞர், சாமானுக்கு இரண்டு பெட்டி. 90 நிமிடம், ஐந்து கதை, 25 பேர் வரை 6,500 ரூபாய். எட்டு வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை என்று முன்பதிவிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஐந்து வயதுக்காரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற அப்பாவைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் அவர்களுக்கு இல்லை. அதனால் கிளம்பும் அழுகைக்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

காசுக்கு மோசமில்லை. ஐந்தில் இரண்டு கதை பிரமாதம், இரண்டு அரைவேக்காடு, ஒன்று சொல்லவே கூடாதது.

முதலில் இருட்டைப் பற்றி. எல்லா மாதமும் மாலை 6.30க்குத்தான் தொடங்குகிறார்கள். நவம்பரில் சரி, பெங்களூரில் 5.50க்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஜூனில் 6.45 ஆகும், அதற்குப் பிறகும் கால் மணி நேரம் வானம் வெளுத்தே கிடக்கும். முதல் கதை முழுக்கப் பக்கத்து மாடியில் காயும் பெட்ஷீட் தெரிந்துகொண்டிருந்தால் எந்தப் பேய் வரும்? கோடையில் கூப்பிடுகிறவர்கள் 7.15 என்று பிடிவாதமாகக் கேளுங்கள், மாற்றித் தருவார்கள்.

விளக்கு மூன்று. ராந்தல் வடிவம், உள்ளே பேட்டரியில் எரியும் மஞ்சள் எல்இடி. காற்றடிக்கும் மாடியில் மண்ணெண்ணெய் வேண்டாம் என்று முடிவு செய்தது புத்திசாலித்தனம். ஆனால் ஒன்றை முகவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு கதை சொல்வது பழைய வித்தை, போன் டார்ச்சில் இதைச் செய்யாத பிள்ளையே இன்று கிடையாது. அந்த விளக்கைச் சொல்பவரின் முதுகுக்குப் பின்னால் நாலடி தள்ளித் தரையில் வைத்தால், முகம் இருண்டு நிழல் மட்டும் பிள்ளைகள் மேல் நீண்டு விழும். செலவில்லாத மாற்றம்.

மைக் இன்னொரு தொல்லை. சட்டையில் குத்தும் சின்ன மைக்குக்குப் பஞ்சு உறை போடாததால் காற்று வீசும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'புஸ் புஸ்'. பேய்க்கதைக்கு ஆயுதமே கிசுகிசுப்புதான், அதைக் காற்று தின்றுவிடுகிறது. 25 பேரை மூன்று வரிசை அரைவட்டமாக நெருக்கி உட்காரவைத்தால் மைக்கே தேவையில்லை. கூப்பிடுகிற வீட்டார் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: தண்ணீர் மோட்டாரை அந்த ஒன்றரை மணி நேரம் போடாதபடி வாட்ச்மேனிடம் சொல்லிவைப்பது.

இனி கதைகள். தொடக்கம் முனி, அதுவும் நடுப்பகல் முனி. இது நல்ல தேர்வு. பேய் என்றாலே நடுராத்திரி என்று நினைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் உச்சிவெயிலில் புளியமரத்தடியில் யாருமில்லாமல் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறது. முனி ஓட்டம் என்றால் என்ன, அந்தப் பாதையில் வீடு கட்டினால் என்ன ஆகும், சத்தம் கேட்டால் ஒதுங்கி நின்று தலை குனிந்துகொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அவசரமில்லாமல் சொல்கிறார். முக்கியமாக முனியைப் பேயாக்கிவிடவில்லை. ஊர் சுற்றி வரும் காவல் தெய்வம், குறுக்கே போனவனைத்தான் அடிக்கும். தெருமுனைக்குத் தெருமுனை முனேஸ்வரர் கோயில் இருக்கிற ஊர் இது, முனேஸ்வரா நகர், முனேஸ்வரா பிளாக் என்று இடப்பெயரே உண்டு. கடைசியில் "உங்க தெருவுல அவர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கார், நாளைக்குப் பார்த்துட்டு வாங்க" என்று விடுகிறார். பயம் பிள்ளையோடு கூடவே நடந்து வீட்டுக்குப் போகிறது.

அப்புறம் மோகினி. இங்கேதான் சறுக்கல். வெள்ளைப் புடவைக்காரி பைக்கை நிறுத்தி லிப்ட் கேட்கிறாள், கண்ணாடியில் பார்த்தால் பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. திரும்பிய பாதம் சுடைல் என்ற வடக்கத்திப் பெண் பேயின் அடையாளம். நம் பக்கத்துப் பேய்க்குக் கால் தரையில் பாவாது, அவ்வளவுதான். இரண்டையும் போட்டுக் குழப்பினால் மாடியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் உச்சுக்கொட்டுகிறார்கள், கதையின் பிடி அங்கேயே தளர்ந்துவிடுகிறது. சத்தத்துக்கு அவர்கள் போடுவது சலங்கை. மோகினிக்கு வேண்டியது கொலுசு: ஒற்றை முத்து, இடைவெளி விட்டு, முதலில் தூரத்தில். ஐம்பது மணி கோத்த சலங்கை ஒலித்ததும் ஒரு சிறுமி "பரதநாட்டியம் கிளாஸா ஆன்ட்டி?" என்று கேட்டதில் மாடியே சிரித்துவிட்டது. மல்லிகை வாசனைக்கு அத்தர் தெளிக்கிறார்கள். யோசனை அருமை, ஆனால் விழாவுக்கு வந்த பெண்கள் பாதிப்பேர் தலையில் இரண்டு முழம் மல்லி இருக்கும்போது அந்த வாசனைக்கு யார் மிரளுவார்கள்?

இதைவிடப் பெரிய குறை, சுண்ணாம்பு இல்லாதது. மோகினி கேட்பது லிப்ட் அல்ல, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு. கையால் கொடுத்தால் கையைப் பிடித்துக்கொள்வாள், கத்தி முனையிலோ ஆணியிலோ தடவி நீட்டினால் இரும்பைக் கண்டு விலகுவாள். இந்த ஒரு விதிக்காகத்தான் கதையே. சிறுவயதுப் பேய்க்கதைகள் எல்லாமே ஒரு பூட்டும் அதற்கொரு சாவியுமாகத்தான் வந்தன. ராத்திரி யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் ஏன் என்று கேட்கணும். கறிக்குழம்பு எடுத்துப்போனால் தூக்குவாளியில் ஒரு அடுப்புக்கரித் துண்டு போடணும். (ராத்திரி பத்து மணிக்குப் பிரியாணி பார்சல் கொண்டுவரும் தம்பிகளை நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.) தலைமாட்டில் வேப்பிலை, வாசலில் துடைப்பம், எதுவும் இல்லாவிட்டால் செருப்பு. பயத்தைக் கொடுத்த பாட்டி தப்பிக்கிற வழியையும் சேர்த்தே கொடுத்தாள். இங்கே கண்ணாடியில் முகம் தெரிந்ததும் 'வீல்' என்று ஒரு அலறலைப் போட்டு விளக்கை அணைக்கிறார்கள். பிள்ளை அலறுகிறது, ஆனால் படுக்கைக்குக் கொண்டுபோகக் கையில் ஒன்றும் இல்லை. வெற்றிலை போடுகிற வீடுகள் குறைந்துவிட்டன என்பது உண்மை. ஒரு சுண்ணாம்பு டப்பாவும் இரண்டு அங்குல ஆணியும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து காட்டினால் தீர்ந்தது.

மூன்றாவது, பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய கல்பள்ளி மயானக் கதை. வெள்ளை உடையில் ஒரு ஆள் உற்றுப் பார்ப்பான், கிட்டே போனால் மறைவான். பெங்களூரில் பலருக்கும் தெரிந்த கதைதான், அதற்கு மேல் இவர்கள் எதையும் சேர்க்கவில்லை. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் தாத்தாவை அங்கே கொண்டுபோய் வைத்தவர்கள் கூட்டத்தில் இருக்கக்கூடும். முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை.

நாலாவது, பிள்ளை பிடிக்கிறவன். கோணிப்பையோடு வருவான், பாலம் கட்டும்போது தூண் நிற்கப் பலி கொடுக்கப் பிள்ளை தேடுவான் என்று ஊருக்கு ஊர் சொல்லப்பட்ட கதை. மெட்ரோ தூண்களைக் காட்டி இதைப் புதுப்பித்திருக்கிறார்கள். சொல்லும் விதத்தில் திறமை இருக்கிறது, அதுதான் சிக்கல். மற்ற நாலு கதையிலும் வருகிறவர்களைத் தெருவில் பார்க்க முடியாது. கோணிப்பைக்காரரைத் தினமும் பார்க்கலாம். பழைய பேப்பர் பொறுக்குகிறவர், வேலை தேடி வந்த வெளியூர்க்காரர். 2018 மே மாதம் இதே ஊரில், சாமராஜ்பேட்டையில், ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு இளைஞரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று சந்தேகித்துக் கூட்டம் அடித்ததில் அவர் உயிரே போனது. வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகள் ஊரெங்கும் பயத்தைக் கிளப்பியிருந்த நேரம் அது. அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. முன்பதிவின்போதே 'நாலாவது கதை வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். பதிலுக்குக் கொள்ளிவாய்ப் பிசாசு வைத்திருக்கிறார்களாம், கேட்டால் தருவார்கள்.

கடைசியில் வருவது 'நாளே பா'. 6,500 ரூபாயில் பாதி இதற்கே போகட்டும். 1990களில் பெங்களூரைச் சுற்றிய வதந்தி: ராத்திரி ஒருத்தி கதவைத் தட்டுவாள், வீட்டில் யாருக்கோ வேண்டியவர் குரலில் கூப்பிடுவாள், திறந்தால் முடிந்தது. அதற்காகக் கதவிலேயே கன்னடத்தில் 'நாளே பா', நாளைக்கு வா என்று எழுதிவைத்தார்கள். படித்துவிட்டுத் திரும்புவாள், மறுநாள் வருவாள், மறுபடி படிப்பாள். புருஷனைத் தேடும் மணப்பெண் அவள், வீட்டு ஆண்பிள்ளையைத்தான் கொண்டுபோவாள் என்று இன்னொரு வடிவமும் உண்டு. குழு முதல் வடிவத்தைச் சொல்கிறது, பிள்ளைகளுக்கு அதுதான் பொருத்தம், அம்மா குரலில் கூப்பிடுகிற பேயை மிஞ்ச எதுவுமில்லை.

இந்தக் கதை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. கொல்லை, கிணற்றடி, புளியந்தோப்பு இவையெல்லாம் பதினொன்றாவது மாடிப் பிள்ளைக்கு வெறும் சொற்கள், விளக்கிக்கொண்டிருந்தால் பயம் ஆறிவிடும். கதவு அப்படியில்லை, எல்லா வீட்டிலும் இருக்கிறது. சாவியும் கதைக்குள்ளேயே இருக்கிறது, அதைப் பிள்ளையே தன் கையால் எழுதலாம். சாக்பீஸைக் கொடுத்து "பேய்க்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?" என்று கதை சொல்பவர் கேட்கும் இடம் அற்புதம். தெரியாது என்று முடிவாகி, கன்னடம் படிக்கும் பிள்ளைகள் மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க, மாடி அப்படியே பள்ளிக்கூடமாகிவிடுகிறது. நம் 'வா' அங்கே 'பா', நம் வாழை அங்கே பாளே, நம் வேர் அங்கே பேரு என்று போகிற போக்கில் ஒரு பாடமும் நடக்கிறது. ராமன் ராவணனுக்குச் சொன்னதும் இதே 'நாளை வா'தானே என்று ஒரு தாத்தா எடுத்துக்கொடுத்ததை, நிகழ்ச்சியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். வீடியோ காலிங் பெல்லில் பேய் தெரிவதாகச் சேர்த்திருக்கும் புது ஒட்டுவேலையை மட்டும் எடுத்துவிடலாம். முகம் தெரிந்துவிட்டால் குரலுக்கு வேலையில்லை.

முடிவில் பத்து நிமிடம் 'ஏன் அப்படி?' பகுதி. அமுக்குவான் பேய்க்குக் கொடுத்த விளக்கம் துல்லியம்: கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் செயலற்றுக் கிடக்கும், அதற்குள் மூளை மட்டும் விழித்துக்கொண்டால் அசைய முடியாமல் மார்பில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் மரத்தடியில் ராத்திரி தூங்கினால் கரியமில வாயு அமுக்கும் என்று வழக்கமான பாட்டையும் பாடுகிறார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் ஒரு ஆள் விடுகிற மூச்சு அதைவிட அதிகம்.

குறை இன்னொன்று. பயத்திலேயே நிறுத்திவிட்டு சாமானைக் கட்டுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முட்டாள் பேய்க் கதை வேண்டும். ஓயாமல் வேலை கேட்கும் பூதத்திடம் நாய் வாலை நிமிர்த்தச் சொன்ன கதை போதும். சிரித்துவிட்டுப் போகிற பிள்ளை லிப்டில் தனியாக ஏறும்.

சாக்பீஸ் ஒரு டப்பா அவர்களே தருகிறார்கள், பிள்ளைகள் நேராக வீட்டுக் கதவுக்குத்தான் போகும். பாலிஷ் போட்ட தேக்கில் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பளபளப்பில்லாத பெயின்ட் அடித்த கதவில் வெள்ளைக் கோடு தங்கும், அங்கே ஒரு சிலேட்டை மாட்டிவிடுங்கள். அன்று ராத்திரி துடைக்க எந்தப் பிள்ளையும் விடாது. மறுநாள் காலை வேலைக்கு வரும் அக்காவிடம் ரெண்டு நாளைக்கு அதைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.