அரை கிலோவாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கும் பழைய பேப்பர் கடை

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு சந்துக்குள் இருக்கிற பழைய பேப்பர், பழைய இரும்புக் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் அட்டைப்பெட்டிகளை மடித்துக் கட்டி அடுக்கியிருப்பதுதான் அடையாளம். ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஏறக்குறைய வாராவாரம் போகிறேன். பழைய பேப்பர் கடைக்கெல்லாம் ஒருத்தி உட்கார்ந்து விமர்சனம் எழுதுவாளா என்று என் தங்கை கேட்டாள். எழுதத்தான் வேண்டும். வீட்டு அடைசலைக் குறைக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம், எடுத்த பொருள் எங்கே போகும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் அனுபவத்தில் வேலை நின்றுபோவதே அந்த இடத்தில்தான்.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு என்று நீளமாகப் போகும், கூடத்துக்கு மேலே முழு அகலத்துக்குப் பரண். இடம் இருந்தால் சாமான் சேரத்தானே செய்யும். மூன்று தலைமுறைச் சாமான். ஓட்டை விழுந்த அண்டா, கைப்பிடி போன வாணலி, கல்யாண வீடுகளில் கொடுத்த எவர்சில்வர் டப்பாக்கள், மூடி ஒரு பக்கம் டப்பா ஒரு பக்கமாகக் கிடக்கும் பிளாஸ்டிக், கட்டி வைத்த செய்தித்தாள், யாரோ வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி, எண்ணிப் பார்த்தபோது 63 தாம்பூலப் பைகள். எதைக் கையில் எடுத்தாலும் அத்தை சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: "இருக்கட்டுமே, ஆகும்."

முன்பெல்லாம் போகிக்கு முந்தின இரண்டு நாள் வீட்டையே தலைகீழாகப் புரட்டி மொத்தமாகக் கழிப்போம். முதுகு ஒடிந்துவிடும், பொறுமையும் போய்விடும். கடைசியில் எதை எடுக்கிறோம் எதை வைக்கிறோம் என்றே தெரியாமல் அள்ளிப் போடுவோம். அப்படி ஒரு போகியில் பழைய பாயோடும் கோணியோடும் சேர்த்து எரித்ததில் மாமனார் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்த நிலவரி ரசீதுகளும் போய்விட்டன. அவர் தவறிய பிறகு பட்டா மாற்றப் போனபோதுதான் அது தெரிந்தது. வேலை முடிய எட்டு மாதம் ஆனது.

தமிழ்நாட்டில் இது புதிதும் இல்லை. ஆடிப் பதினெட்டில் ஆறு நிறையத் தண்ணீர் போகும்போது வீட்டிலிருந்த பழைய ஏட்டுச் சுவடிகளைக் கொண்டுபோய் விட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். இதே கும்பகோணம் கல்லூரியில் 1880-ல் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்த உ.வே.சாமிநாதையர் அதை வேதனையோடு எழுதியிருக்கிறார். விட்டவர்களுக்கு அது வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய ஓலை, அவ்வளவுதான். ஒரே நாளில் கழிப்பதில் உள்ள ஆபத்து இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க நேரம் இருப்பதில்லை.

அதனால் போன வருஷம் முறையை மாற்றினேன். ஒரு நாளைக்கு ஒரு பொருள். சாயங்காலம் விளக்கேற்றி முடித்ததும், அடுப்படிக்குப் போவதற்கு முன்னால், வீட்டில் எங்காவது ஒரு இடத்தில் கையை விட்டு ஆகாத ஒன்றை எடுக்க வேண்டும். அலமாரி முழுவதையும் கீழே இறக்குகிற வேலையே கூடாது. விளக்கேற்றுவதை எப்படியும் மறக்கப் போவதில்லை, அதனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இந்த வேலையும் நடந்துவிடுகிறது. ரேழியில் ஆணி அடித்து 25 கிலோ அரிசிப் பை ஒன்றை மாட்டியிருக்கிறேன், எடுத்தது அதற்குள் போகும். சனிக்கிழமை காலை வரை வீட்டில் யார் வேண்டுமானாலும் பைக்குள் பார்த்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், ஏன் எடுத்தாய் என்று கேட்க மாட்டேன். இந்த ஏற்பாட்டைச் சொன்ன பிறகுதான் அத்தை சம்மதித்தார். முதல் மாதம் தினமும் எதையாவது திரும்ப எடுத்துப் போனார். இப்போது அவரே இரண்டொன்று கொண்டுவந்து போடுகிறார்.

பை நிறைந்ததும் வந்தது சிக்கல். தெருவில் மூன்று சக்கர வண்டியில் வருகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினால், "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களாம்மா, நிறைய சேர்த்து வைங்க, வர்றேன்" என்று போய்விட்டார். சேர்த்து வைக்கக் கூடாது என்றுதானே இத்தனை பாடும்! இன்னொருவர் வாங்கினார், ஆனால் கொக்கியில் மாட்டுகிற தராசு. வீட்டில் எடை போட்டுப் பார்த்தபோது 9 கிலோ இருந்த பேப்பர் அவர் கொக்கியில் ஆறரை கிலோ காட்டியது. அப்புறம் பை இரண்டானது, மூன்றானது. பரணில் இருந்த அடைசல் ரேழிக்கு வந்திருந்தது, அவ்வளவுதான் மிச்சம்.

அப்போதுதான் பூக்கார அக்கா இந்தக் கடையைச் சொன்னார். ஸ்கூட்டியின் முன்னால் ஒரே ஒரு பையை வைத்துக்கொண்டு கொஞ்சம் தயக்கத்தோடுதான் போனேன். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பையைக் கீழே கவிழ்த்து வகை பிரித்தார். செய்தித்தாள் 3 கிலோ 200 கிராம், கிலோ 14 ரூபாய். பிளாஸ்டிக் 600 கிராம், கிலோ 12. கணக்கைச் சத்தமாகச் சொல்லி 52 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு, பையை உதறி மடித்து, "அடுத்த வாரமும் இதையே கொண்டாங்கக்கா, சாக்கு வீணாப் போக வேணாம்" என்றார். கொஞ்சமாக இருக்கிறதே என்ற பேச்சே வரவில்லை. அதன் பிறகு ஒரு தடவை வெறும் அரை கிலோ பேப்பரும் ஒரு உடைந்த வாளியும் மட்டும் கொண்டுபோனேன், அதற்கும் அதே முகம்தான்.

எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலக்ட்ரானிக் தராசு, எண் தெரிகிற பக்கம் நம்மைப் பார்த்தபடி இருக்கிறது. பொருளை வைப்பதற்கு முன்னால் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார். தொழிலாளர் துறை முத்திரையும் இருக்கிறது. இந்த மாதிரித் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும், எந்தக் கடைக்குப் போனாலும் கேட்டுப் பார்ப்பது நம் உரிமை. நான் வீட்டில் எடை போட்டுக் கொண்டுபோன நாலு தடவையும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் இந்தக் கடையை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் தராசு இல்லை, ஒரு செம்பு.

கரி பிடித்து, கருத்து, அடிப்பக்கம் நசுங்கியிருந்தது. பின்கட்டில் விறகுக்குப் பின்னால் கிடைத்தது. அந்த வாரம் அத்தைக்குக் கண் ஆபரேஷன், பையை அவர் பார்க்கவில்லை. கடைக்காரத் தம்பி காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்துப் பித்தளை என்றார். வெண்கலமாக இருந்தால் சத்தம் இன்னும் நீளமாக நிற்குமாம். சரி, தராசில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன், வைக்கவில்லை. கழுத்துக்குக் கீழே கோணித் துணியால் அழுத்தித் தேய்த்தார். கறுப்பு விலகின இடத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. கொஞ்சம் எச்சில் தொட்டு மறுபடியும் தேய்த்தார். உளியால் வெட்டின மூன்று எழுத்து, பக்கத்தில் 1951.

"பேரு வெட்டியிருக்குக்கா. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க."

மூலையில் உட்கார்ந்து பேப்பர் பிரித்துக்கொண்டிருந்த அவருடைய அம்மாவும் நிமிர்ந்து பார்த்து, "பேரு வெட்டின பாத்திரத்தை நாங்க உடனே உள்ள போட மாட்டோம்மா, ஒரு வாரம் வெளியவே இருக்கும்" என்றார். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய் அத்தை கையில் கொடுத்தேன். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, பார்க்க முடியவில்லை, விரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். அவர் பிறந்த வருஷம் அவருடைய பாட்டி பெயர் வெட்டிக் கொடுத்த பால் செம்பு அது. புளி போட்டுத் தேய்த்து, இப்போது பூஜை அலமாரியில் தண்ணீர் வைக்க அதுதான். எடைக்குப் போட்டிருந்தால் இருநூறு, முந்நூறு ரூபாய் வந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு ஒன்று, தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்துவிட்டதில் அடி உருகி இறங்கிவிட்டது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், கொஞ்சம் கவனம் தப்பினால் போதும். அதைக் கொண்டுபோனபோது இவர் வாங்கவில்லை. "இது ஈயம்க்கா, செம்பை விட விலை ஜாஸ்தி. என்கிட்ட போட்டா உங்களுக்கு நஷ்டம். பெரிய கடைத்தெருவுல பாத்திரக் கடையில கொடுத்து மாத்திக்குங்க" என்றார். மாற்றிக்கொண்டேன், சின்னதாக ஒரு புதுச் சொம்பு கிடைத்தது. வந்த லாபத்தை விட்டுக்கொடுத்து வழி சொல்கிற ஆள் இந்தத் தொழிலில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது, எனக்கு ஒருவர் கிடைத்தார்.

வாங்காதவை என்று ஒரு வரிசை இருக்கிறது, தெரியாமல் சுமந்துகொண்டு போகாதீர்கள். துணி வாங்க மாட்டார். பீங்கான், மருந்து அட்டை கூடாது. டியூப் லைட்டும் பழைய சி.எஃப்.எல். பல்பும் தொடவே மாட்டார், உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைந்தால் பிரிக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. செல்போன் பேட்டரியைப் பேப்பரோடு கலந்து போட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார், நசுங்கினால் தீப்பிடிக்கும். கல்யாணப் பத்திரிகை வாங்குவார், ஆனால் மேலே பளபளவென்று பிளாஸ்டிக் ஒட்டியதைத் தள்ளிவிடுவார். தாம்பூலப் பைகளுக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். காய்கறி விற்கும் ஒரு அம்மாவிடம் கேட்டபோது சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை இருப்பதால் பை இல்லாமல் வருகிறவர்களுக்கு அதில் போட்டுக் கொடுக்கிறாராம். 63-ல் 50 அங்கே போயின.

குறையும் இருக்கிறது. பேப்பர், இரும்பு விலையை மட்டும் சிலேட்டில் எழுதி வைத்திருக்கிறார், பித்தளை, செம்பு, அலுமினியம் எல்லாம் கேட்டால்தான் சொல்வார். விலை நாளுக்கு நாள் மாறுகிறது என்கிறார், மாறட்டும், அன்றைய விலையை எழுதிப் போட என்ன கஷ்டம்? ரசீது கிடையாது. ஒரு தடவை அவர் இல்லாத நேரத்தில் இருந்த பையன் கனமான இரும்புத் தோசைக்கல்லைத் தகரத்தோடு சேர்த்துக் குறைந்த விலையில் போட்டுவிட்டான், நான் சொன்ன பிறகுதான் தனியாக எடை போட்டான். சந்து குறுகல், கார் போகாது. தூசி அதிகம், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் வெளியே நின்றே கொடுத்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பேப்பர் நமுத்துப்போயிருந்தால் எடையில் கழிப்பார், அது நியாயம்தான், ஆனால் எவ்வளவு கழிப்பது என்பது அவர் கைக்கணக்கு. நான் இப்போது புரட்டாசிக்குள் பேப்பர் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன். இந்த ஊர் ஈரத்தில் சுவரோரம் பேப்பர் அடுக்கினால் செல்லரித்துவிடும், அதற்கு முன்னால் கிளம்பட்டும். போகி வாரத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், அன்றைக்கு ஊரே அங்கேதான் நிற்கும்.

இதுவரை 47 தடவை போயிருக்கிறேன், 6,840 ரூபாய் வந்திருக்கிறது, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பணத்துக்காகப் போகவில்லை, ஆனாலும் அத்தை அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். கூடத்தில் தூணுக்குப் பின்னால் பேப்பர் கட்டு இருந்த இடம் காலியாகி ஏழு மாதம் ஆகிறது, அங்கே முற்றத்து வெளிச்சம் விழுகிறது, சாயங்காலம் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பூத்தொடுப்பது அங்கேதான். பரண் இன்னும் பாதிகூட முடியவில்லை. முடியாவிட்டால் என்ன, நாளைக்கும் விளக்கேற்றுவோம்.

காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், மத்தியானம் இரண்டு மணி நேரம் மூடுவார்கள், ஞாயிறு விடுமுறை. பணமாகவும் தருகிறார், ஜிபேயிலும் போடுகிறார். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், விலையை முழுசாக எழுதிப் போட்டால் ஐந்து.

போன வாரம் பரணில் ஒரு தகர டிரங்குப் பெட்டி அகப்பட்டது. பூட்டியிருக்கிறது, சாவி இல்லை, உள்ளே என்ன என்று அத்தைக்கும் நினைவில்லை. கடைத் தம்பியிடம் சொன்னேன். "உடைச்சுடாதீங்கக்கா, அப்படியே கொண்டாங்க, பூட்டை அறுத்துத் தர்றேன். நீங்களும் பெரியம்மாவும் உக்காந்து எல்லாத்தையும் பார்த்து முடிங்க, அப்புறம் பெட்டியை எடை போடலாம்" என்றார். சனிக்கிழமை அத்தையும் வருகிறேன் என்கிறார், ஆட்டோ சொல்லியாயிற்று.