வீட்டில் செய்த டெபியன் இறுவட்டு: இரண்டு வருட அனுபவம்

மட்டக்களப்பின் படுவான்கரையில் எங்கள் ஊர் வாசிகசாலைக்கு ஆறு பழைய கணினிகள் கிடைத்தன. எல்லாம் பென்டியம் 4 காலத்தவை. பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொன்னால் திரும்பியும் பார்க்காதவை. அங்கே இணையமும் இல்லை. அதனால் கல்லடியில் உறவினர் வீட்டில் இருந்து டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின், பழைய கணினிகளுக்கான 32 பிட் டிவிடியைத் தரவிறக்கி, அதை விரித்து, தமிழ் எழுத்துருக்களையும் பிள்ளைகளின் பாடக் கோப்புகளையும் சேர்த்து, மறுபடி ஒரே இறுவட்டாகக் கட்டினேன். இரண்டு வருடமாக அதுதான் எங்கள் மருந்துப் பெட்டி.

முதல் இறுவட்டு என்னை மூன்று இரவுகள் அலைக்கழித்தது. நிறுவும் பட்டியல் அழகாக வந்தது, மொழியைக் கேட்டது. அதற்குப் பிறகு, இந்த இறுவட்டை நிறுவலுக்குப் பயன்படுத்த முடியாது என்று நின்றுவிட்டது. எழுதியதில் பிழை என்று நினைத்து வேகத்தைக் குறைத்து இன்னொன்று எழுதினேன். அதே செய்தி. டிரைவை மாற்றினேன். அதே செய்தி. மூன்றாம் இரவு ஆல்ட்டையும் எஃப்2வையும் அழுத்தி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்துக்குள் போய், இறுவட்டைக் கையால் இணைத்து, மறைகோப்புகளோடு பட்டியலிட்டுப் பார்த்தேன். புள்ளியில் தொடங்கும் 'டிஸ்க்' என்ற கோப்புறை அங்கே இல்லை.

அந்தச் சிறு கோப்புறையில் உள்ள தகவலைப் பார்த்துத்தான் நிறுவி, இது டெபியன் இறுவட்டு என்று அடையாளம் காண்கிறது. நான் விரித்த கோப்புகளை, 'எல்லாம்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறி போட்டு நகலெடுத்திருந்தேன். அந்தக் குறி புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தொடுவதில்லை. ஒரு நட்சத்திரத்தால் இரண்டு வெற்று டிவிடிகள் வீணாகிவிட்டன! கோப்புறை முழுவதையும் நகலெடுத்துக் கட்டியதும் அதே டிரைவில் நிறுவல் இறுதிவரை ஓடியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறுவட்டின் முழுமையைச் சோதிக்கும் தெரிவை ஓட்டியபோது 'ஐசோலினக்ஸ்.பின்' கோப்பில் பிழை என்றது. பயப்படத் தேவையில்லை. இறுவட்டைக் கட்டும்போது அந்தத் தொடக்கக் கோப்பின் உள்ளேயே சில விவரங்கள் எழுதப்படுகின்றன. கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்க முன்பே கணக்கிட்ட எம்டி5 தொகை அதன்பின் பொருந்தாது. சோதனைப் பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை நீக்கினேன். வேறு கோப்பின் பெயர் வந்திருந்தால் அந்த இறுவட்டை நம்பியிருக்க மாட்டேன்.

எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைத்தளத்தில் லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் மெதுவாகத் திறந்தாலும் ஓடுகிறது. இணைய உலாவிக்கு இந்தக் கணினிகள் போதாது. மின்வெட்டில் இரண்டு தடவை வன்தட்டுகள் குழம்பியபோது, இறுவட்டிலிருந்த மீட்புத் தெரிவே காப்பாற்றியது.

வாவிக் காற்றில் ஈரம் அதிகம். மாரியில் உறையில்லாமல் மேசையில் கிடந்த பிரதியின் ஊதா நிறப் பின்பக்கத்தில், விளிம்பை ஒட்டி மங்கலான ஒரு வளையம் விழுந்தது; பிறகு அது வாசிக்கவேயில்லை. மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வைத்த பிரதிகள் இன்னும் நலமாக இருக்கின்றன.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. அதனால் அந்த டின்னில் மேலும் இரண்டு பிரதிகளை எழுதிச் சேர்த்திருக்கிறேன், மிகக் குறைந்த வேகத்தில். போன வாரம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதில் ஒன்றை எடுத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, ஆறாவது கணினிக்குத் தானே நிறுவி முடித்தாள்.