கொக்கிரகுளம் அறிவியல் மையம்: எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள்

திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையத்துக்கு லீவில் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். ஆனால் காலையில் நெல்லையப்பர் கோயில், அப்புறம் அல்வா, நடுவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அறிவியல் மையம் என்று திட்டம் போட்டிருந்தால் வேண்டாம், அதற்குப் பதில் இன்னொரு கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இந்த இடத்துக்கு அரை நாளாவது கொடுக்க வேண்டும், அதுவும் எல்லாவற்றையும் பார்ப்பதற்கு இல்லை, ஏழெட்டு சாமான்களிடம் மட்டும் நின்று விளையாடுவதற்கு.

இடம் தெரியாதவர்களுக்கு: சுலோச்சன முதலியார் பாலத்துக்குப் பாளையங்கோட்டைப் பக்கம், கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையை ஒட்டி இருக்கிறது. 1987-இல் திறந்தது. பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் கீழ் நடக்கும் மத்திய அரசு நிறுவனம், அதனால் டிக்கெட் விலை குடும்பத்தோடு போகிறவர்களைப் பயமுறுத்தாது. தொண்ணூறுகளில் நெல்லைச் சீமையில் படித்தவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட டூரில் இங்கே வந்திருப்போம். வந்ததில் டைனோசரைத் தவிர என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் முழிப்போம். வரிசையில் நடத்திக் கூட்டிப்போனால் அவ்வளவுதான் மிஞ்சும்.

நாங்கள் போனது நான், என் வீட்டுக்காரர், ஏழாவது படிக்கிற பையன், மூணாவது படிக்கிற பெண், கூட என் அத்தை. அத்தைக்கு இதெல்லாம் எதற்கு என்று கிளம்பும்போது யோசித்தேன், கடைசியில் அதிகம் விளையாடியது அவர்தான். அதனால் முதல் சிபாரிசு: வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், வெளியே பெஞ்சில் பையோடு உட்கார வைத்துவிடாதீர்கள்.

வெளியில் இருக்கும் அறிவியல் பூங்காவில் கப்பி நாற்காலி ஒன்று உண்டு. நாற்காலியில் நாமே உட்கார்ந்து, கயிற்றை நாமே இழுத்து, நம்மை நாமே மேலே தூக்கிக்கொள்வது. கயிறு எத்தனை வரிசையாகக் கப்பிகளில் சுற்றி வந்து பாரத்தைத் தாங்குகிறதோ அத்தனை பங்காக எடை பிரிந்துவிடும், அதனால் கைக்குக் கொஞ்சம்தான் தெரியும். அத்தை உட்கார்ந்து இழுத்தார், சர்ரென்று மேலே போனார். இறங்கிய கையோடு, “கெணத்துல ஒத்தக் கப்பியப் போட்டு எங்கள இழுக்க விட்டானுவளே, இத ஒருத்தனும் சொல்லலையே” என்று யாரையோ திட்டினார். பையன் விடவில்லை. “இல்ல ஆச்சி, நாலு வரிசை கயிறு போட்டா ஒரு அடி தூக்க நாலு அடி இழுக்கணும், நாப்பது அடி கெணறுன்னா நூத்தி அறுபது அடி இழுத்துருப்ப” என்றான். அத்தை கொஞ்ச நேரம் அந்தக் கயிற்றையே பார்த்துவிட்டு, “அப்ப கைக்கு லாபம், நேரத்துக்கு நட்டம், ஒத்தக் கப்பியே போதும்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் ஆகும்.

அடுத்தது, எதிரெதிரே நிற்கும் இரண்டு பெரிய கிண்ணங்கள். ஒன்றின் முன்னால் நின்று முணுமுணுத்தால், தூரத்தில் இருக்கும் இன்னொன்றின் முன்னால் காதை வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் வந்து பேசுவது போலக் கேட்கும். வாயிலிருந்து சிதறிப் போகிற சத்தத்தை முதல் கிண்ணம் நேர்கோடாகத் திருப்பி அனுப்புகிறது, எதிர்க் கிண்ணம் அதைப் பிடித்து ஒரே புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியில்தான் காது இருக்க வேண்டும், ஒரு சாண் தள்ளி நின்றாலும் ஒன்றும் கேட்காது. “இது வேலை செய்யலை” என்று சொல்லிவிட்டு நகர்ந்த குடும்பங்களைப் பார்த்தேன், தலையைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தியிருந்தால் கேட்டிருக்கும். எங்கள் அத்தைக்கு லேசாகக் காது மந்தம், அவருக்கே பேரன் பேசியது தெளிவாகக் கேட்டது. அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, அத்தை போட்ட சத்தத்தில்தான் தெரிந்தது: “ஏலே, டியூசனுக்கு ஏம்லே போவல? அம்மைட்ட சொல்லாதயாம்லா!” பூங்கா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டியூசன் விஷயத்தை வீட்டில் வந்து பேசிக்கொண்டோம்.

கட்டிடத்துக்குள்ளே என் பெண் பிடித்துக்கொண்டது மேல்நோக்கி உருளும் கூம்பு. இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டிய மாதிரி ஒரு கட்டை, ஒரு பக்கம் உயரமாகவும் அகலமாகவும் விரிந்து போகிற இரண்டு தண்டவாளம். தாழ்ந்த முனையில் வைத்தால் கட்டை தானாகவே மேட்டில் ஏறும். எல்லோரும் ஒருதரம் உருட்டி ஆச்சரியப்பட்டுவிட்டு நகர்ந்தார்கள். இவள் நகரவில்லை, திரும்பத் திரும்ப உருட்டினாள். என் வீட்டுக்காரர் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன் (இங்கே பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உபகாரம் வாயை மூடிக்கொண்டிருப்பது). கடைசியில் அவள் தரையில் முட்டி போட்டு, கூம்பின் கூர் முனைக்கு நேராகக் கண்ணை வைத்து, பக்கவாட்டில் பார்த்தாள். “அம்மா, இது ஏறலை, எறங்குது!” அதேதான். தண்டவாளம் அகல அகலக் கட்டை நடுவில் புதைந்து இறங்குகிறது, அந்த இறக்கம் தண்டவாளத்தின் ஏற்றத்தை விட அதிகம். மேலே இருந்து பார்த்தால் ஏறுகிற மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். இதற்கே இருபது நிமிஷம் போயிருக்கும், அதனால் வேறு எதையெல்லாம் விட்டோம் என்று எனக்குக் கவலையே இல்லை.

அந்த நேரம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெரிய கூட்டமாக வந்தார்கள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். டீச்சர் விசில் ஊதினார், பிள்ளைகள் நோட்டை எடுத்துப் போர்டில் இருப்பதை எழுதிக்கொண்டார்கள், அடுத்த விசிலுக்கு அடுத்த போர்டு. கூம்பை ஒருத்தன் தொட்டான், அவனுக்கு ஒரு அதட்டல். தொடுவதற்கென்றே கட்டி வைத்திருக்கிற இடம் இது! இப்படி எழுதத்தான் வேண்டும் என்றால் வகுப்பறையிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கலாம், பஸ் காசு மிச்சம்.

நீளம் வேறுவேறான குழாய்களின் வாயில் தட்டினால் சுரம் மாறும் சாமானும் நன்றாக இருந்தது. குழாய் குட்டையாகக் குட்டையாகச் சத்தம் கீச்சென்று ஏறும். அதைத் தட்டிவிட்டுப் பையன், நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களும் உள்ளே குழாய் மாதிரி ஓட்டையா என்று கேட்டான். ஓட்டை இல்லை, கெட்டிக் கல்தான். இங்கே குழாய்க்குள் இருக்கும் காற்று அதிர்கிறது, அங்கே கல்லே அதிர்கிறது, தூணின் நீளத்தையும் பருமனையும் பொறுத்துச் சுரம் மாறுகிறது. ஆகவே உள்ளூர்க்காரர்களுக்கு என் யோசனை, முதலில் மையம், சாயங்காலம் கோயில் என்று வரிசையை மாற்றிப் பாருங்கள். அதே தூணைப் பிள்ளைகள் வேறு மாதிரி பார்ப்பார்கள்.

கோளரங்கம், 3டி காட்சி இதற்கெல்லாம் தனி டிக்கெட். காட்சிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, என் வீட்டுக்காரரும் விண்வெளி என்றதும், இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைக் கட்டி வைத்து எரித்துச் சோதிப்பது நம்ம மகேந்திரகிரியில்தான் என்று ஆரம்பித்து நீளமாகப் பேசினார். ஆனால் நேரம் குறைவு என்றால் பூங்காவை வெட்டிவிட்டு இதற்குப் போகாதீர்கள். படம் வீட்டிலும் பார்க்கலாம், கப்பி நாற்காலி வீட்டில் கிடையாது.

நாலைந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு டைனோசரும் ஓட இடமும்தான், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். எட்டு முதல் பதினாலு வயது வரை சரியான பருவம். பூங்காவை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், சித்திரை வைகாசியில் இரும்புக் கைப்பிடி சுடும், நெல்லை வெயிலைப் பற்றி நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் கையோடு கொண்டு போங்கள், நாங்கள் வெளியே ஒரு கடையில் பாட்டிலுக்கு அதில் போட்டிருந்த விலையை விடக் கூடுதலாகக் கொடுத்தோம், கேட்டதற்குக் கூலிங் சார்ஜ் என்றார்கள், பாட்டிலோ வெந்நீர். சாப்பாட்டுக்கு வண்ணார்பேட்டைப் பக்கம் போய்விட்டால் கடைகளுக்குப் பஞ்சமில்லை.