கூடுதல் வாரண்டி: சாட்ஸ்வொர்த் வீட்டில் எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுக்கு மின்சாதனம் வாங்கிய எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரியும். பில் போடும்போது, "இன்னும் கொஞ்சம் கட்டினால் வாரண்டியை 5 ஆண்டாக்கித் தருகிறோம், சேர்த்துவிடலாமா?" என்று கேட்பார்கள். தீபாவளி நெருங்கும்போதும், நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே தள்ளுபடியிலும் வற்புறுத்தல் இன்னும் கூடும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் கூடுதல் வாரண்டி எடுத்தோம். வாஷிங் மெஷினுக்கும் மைக்ரோவேவுக்கும் எடுக்கவில்லை. நான்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவை. இப்போது வாரண்டிக் காலமும் முடிந்துவிட்டதால், நிதானமாகக் கணக்குப் பார்க்க முடிகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் மின்சாதனங்களைக் கெடுத்தது மின்சாரம் போய்த் திரும்பி வரும் அந்த ஒரு நொடிதான். நான் படித்துப் பார்த்த கூடுதல் வாரண்டிப் பத்திரங்கள் எல்லாமே அதைத்தான் விலக்கி வைத்திருந்தன. ஆகவே பெரும்பாலான பொருள்களுக்கு அந்தப் பணத்தை வேறு பாதுகாப்புக்குச் செலவிடுவதே நல்லது. பெரிய டிவி மட்டும் விதிவிலக்கு.

ஃபிரிட்ஜ் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2022, 2023 ஆண்டுகளின் லோட் ஷெடிங்கை, அதாவது மின் பற்றாக்குறையால் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தியதை, இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு நாளைக்குப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் 2 மணி நேரத்துக்குக் குறையாமல் மின்சாரம் போகும். திரும்பி வரும்போது தெருவிலுள்ள ஃபிரிட்ஜ், கீசர், பம்ப் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கத் தொடங்குவதால் மின்னழுத்தம் முதலில் விழுந்து, பிறகு எகிறும். 230 வோல்ட்டுக்குச் செய்த சாதனத்தின் மின்னணுப் பலகை இதைப் பல மாதம் தாங்குவது கடினம். ஃபிரிட்ஜுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நின்ற கம்ப்ரசருக்குள் வாயுவின் அழுத்தம் சமமாகச் சில நிமிடங்கள் வேண்டும். வந்த மின்சாரம் உடனே போய் அதற்குள் மறுபடி வந்துவிட்டால், அழுத்தத்தை எதிர்த்துக்கொண்டு மோட்டார் கிளம்ப வேண்டியிருக்கும். கம்பித் திருட்டு நடக்கும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டுக்குள் வரும் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நோக்கி ஏறக்கூடும்.

எங்கள் ஃபிரிட்ஜ் நின்றது ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் வாரத்தில். பாலும் தயிரும் நிறைய வாங்கி வைத்திருந்தோம், எல்லாம் கெட்டுப்போயின. வாரண்டி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் தொலைபேசியில் அழைத்தோம். வந்து பார்த்த தொழில்நுட்பர் பலகையில் கருகிய இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார். சில நாள் கழித்து, மின் ஏற்றத்தால், அதாவது மின்னழுத்தம் திடீரென எகிறியதால், வந்த சேதம் ஒப்பந்தத்தில் சேராது என்று பதில் வந்தது. பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அந்த வரி அங்கேதான் இருந்தது. மின்னல், மின் ஏற்றம், துரு, பூச்சி, தவறான பயன்பாடு எல்லாம் ஒரே பத்தியில் விலக்கப்பட்டிருந்தன. துருவையும் விலக்கியதை டர்பன்காரர்கள் கவனிக்க வேண்டும். கடற்காற்று படும் மெரிபேங்க், இசிபிங்கோ போன்ற இடங்களில் ஃபிரிட்ஜின் பின்புறக் குழாய்கள் அரிப்பது சாதாரணம்.

மெரிபேங்க்கில் ஒரு மெக்கானிக் பலகையை மாற்றித் தந்தார். அதற்கு ஆன செலவு கூடுதல் வாரண்டிக்குக் கட்டிய தொகையைவிடச் சற்றுத்தான் அதிகம். அதோடு ஒரு காப்பு பிளக்கும் வாங்கினேன். மின்சாரம் வந்ததும் உடனே விடாமல் சில நிமிடம் காத்து, மின்னழுத்தம் சரியான பிறகே ஃபிரிட்ஜுக்கு விடும் வகை அது. விலை வாரண்டித் தொகையில் ஒரு சிறு பகுதிதான். இந்தக் காப்புச் சாதனங்களுக்குள் இருக்கும் வேரிஸ்டர் என்ற சிறு பாகம் ஒவ்வொரு அடியையும் வாங்கித் தேயும் பொருள். பிளக்கிலுள்ள விளக்கு எரிவதை நிறுத்திவிட்டால் பிளக்கை மாற்றிவிட வேண்டும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் "கம்ப்ரசருக்கு 10 ஆண்டு வாரண்டி" என்ற வாசகத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் அது கம்ப்ரசர் என்ற உதிரிபாகத்துக்கு மட்டும்தான். வாயு நிரப்புவது, கூலி, போக்குவரத்து எல்லாம் நம் தலையில்தான். எங்கள் வீட்டில் போனது பலகை என்பதால் அந்த வாசகம் எங்களுக்கு உதவவில்லை.

இனி டிவி. இங்கே கூடுதல் வாரண்டி உண்மையாகவே உதவியது. தயாரிப்பாளரின் வாரண்டி முடிந்து வெகு நாள் கழித்து, திரையின் ஒரு பாதி இருண்டுபோனது. ஒலி வந்தது, படம் மங்கலாகத் தெரிந்தது. திரைக்குப் பின்னால் ஒளி தரும் எல்.இ.டி. பட்டைகள் பழுதாவது இந்த வகை டிவிகளில் அடிக்கடி வருவது. மின் ஏற்றம் என்று சொல்ல முடியாததால் ஏற்றுக்கொண்டார்கள். உதிரிபாகம் வர வாரக்கணக்கில் ஆனது, அதுவரை மாற்று டிவி எதுவும் தரவில்லை. ஆனாலும் கையிலிருந்து ஒரு ராண்டும் போகவில்லை. பெரிய திரையில் பட்டை மாற்றுவது கவனமான வேலை, கூலி அதிகம். திரையே போய்விட்டால் புது டிவியின் விலைக்கு அருகில் வந்துவிடும். அதனால்தான் டிவியை விதிவிலக்கு என்றேன்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேற்றும் பம்ப் ஒரு தடவை போனது. மலிவான பாகம், மெக்கானிக் வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரத்தில் மாற்றினார். மைக்ரோவேவ் இன்னும் ஓடுகிறது. பழுதானால் புதிது வாங்குவதே லாபம், அதற்கு வாரண்டி விற்பவரிடம் பேசிக்கொண்டு நிற்கவே வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன், சட்டம் இலவசமாகத் தருவது என்ன என்று ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008-இல் இயற்றப்பட்டு, 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 56-ஆம் பிரிவின்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கே உண்டு. "கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம்" என்று கடைக்காரர் சொன்னால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். பழுதுபார்த்த 3 மாதத்துக்குள் அதே குறையோ வேறு குறையோ வந்தால் மாற்றித் தரவோ பணம் தரவோ வேண்டும். வெளி மெக்கானிக் போட்ட புதுப் பாகத்துக்கும் அவரது வேலைக்கும்கூட 57-ஆம் பிரிவு 3 மாத உத்தரவாதம் தருகிறது. கடை ஒத்துக்கொள்ளாவிட்டால், நுகர்வோர் பொருள்கள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். பில் மட்டும் கையில் இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் வெகு சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தவணையில் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கடன் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டி, "தம்பி, இந்த வாரண்டியை எடுத்தால்தான் ஃபிரிட்ஜ் தருவோம் என்கிறார்களே, அப்படியா?" என்று கேட்டார். அப்படி இல்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் கூடுதல் வாரண்டியின் விலையைக் கடன் தொகையோடு சேர்க்க அனுமதிக்கிறது, ஆனால் வாங்குபவர் தாமாகத் தேர்ந்தெடுத்திருந்தால்தான். சேர்த்துவிட்டால் அந்த வாரண்டிக்கும் மாதாமாதம் வட்டி ஓடும். "அக்கா, வாரண்டி வரியை அடித்துவிட்டுப் புதுப் பத்திரம் தரச் சொல்லுங்கள். மறுத்தால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள்" என்றேன். மறுநாளே புதுப் பத்திரம் தந்துவிட்டார்கள். தவணை குறைந்ததைச் சொல்ல அவரே வீடு தேடி வந்தார். வருமானம் குறைந்த குடும்பங்களிடம்தான் இந்த வாரண்டி அதிகமாக விற்கப்படுகிறது என்பது என்னை வருத்துகிறது.

வீட்டுப் பொருள்களுக்குக் காப்பீடு வைத்திருப்பவர்கள் அந்தப் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். பலவற்றில் மின் ஏற்றச் சேதத்துக்குத் தனி வரம்பு உண்டு, சிலவற்றில் ஃபிரிட்ஜில் கெட்டுப்போன உணவுக்கும் தொகை உண்டு. லோட் ஷெடிங் ஆண்டுகளில் சில நிறுவனங்கள் இந்த விதிகளை இறுக்கிவிட்டதால், பழைய நினைவை நம்பாமல் இந்த ஆண்டுப் பத்திரத்தைப் படிப்பது அவசியம். மின் ஏற்றத்தைக் காக்கும் பாலிசி ஏற்கெனவே கையில் இருந்தால், அதை விலக்கும் வாரண்டி எதற்கு?

பெரிய டிவிக்கு எடுப்பதென்றால் நான் கடையிலேயே பத்திரத்தை வாங்கிப் படிப்பேன். புதுக் காலம் தயாரிப்பாளர் வாரண்டி முடிந்த பிறகு தொடங்குகிறதா, இல்லை வாங்கிய நாளிலிருந்தா? சரிசெய்ய முடியாவிட்டால் கொடுத்த விலை வருமா, தேய்மானம் கழித்து வருமா? விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால் எடுக்க மாட்டேன். எங்கள் வாஷிங் மெஷின் இப்போது சுழலும்போது பேரிங் சத்தம் போடுகிறது. அடுத்து வாங்கும் மெஷினுக்கும் கூடுதல் வாரண்டி கிடையாது. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனைக் கொண்டு டிபி போர்டிலேயே (வீட்டு மின்சாரம் பிரியும் பெட்டியிலேயே) மின் ஏற்றக் காப்பு பொருத்தி, சான்றிதழும் வாங்கிக்கொள்ளப் போகிறோம். அந்த ஒரு காப்பு வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களுக்கும் சேரும்.