ஆக்சிமீட்டர் வாங்குங்கள், அது காட்டுகிற எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிற இந்தக் கருவியைக் காரைக்குடியில் ஒரு மெடிக்கலில் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். சின்ன பேட்டரி இரண்டு போட்டால் ரொம்ப நாள் வருகிறது. எழுத்து பெரிசு, அப்பா கண்ணாடி இல்லாமலே படித்துவிடுகிறார். நாடித்துடிப்பும் சரியாகத்தான் காட்டுகிறது, கையைப் பிடித்து எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

பிரச்சினை ஆக்சிஜன் அளவில். அப்பா புதுவயல் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். உமித்தூசியும் பீடியும் சேர்ந்து நெஞ்சைக் கெடுத்துவிட்டன. போன மார்கழியில் ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. மெஷின் 95 என்றது. கூட்டிப்போன ஆஸ்பத்திரியிலும் இதே மாதிரி ஒன்றை மாட்டி, "95 இருக்கும்மா, உட்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார்கள். வெகுநேரம் கழித்து மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். உண்மை அளவு 87.

சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு ஒளியை விரலுக்குள் விட்டுக் கணக்குப் போடுகிற கருவி இது. தோலுக்குக் கறுப்பு நிறம் தருகிற மெலனினும் அந்த ஒளியை உறிஞ்சும். 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், உண்மை அளவு 88-க்கும் கீழே கிடந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6. அமெரிக்க அரசின் 2013 வழிகாட்டுதலோ, பத்துப் பேரை வைத்துச் சோதித்து, அதில் இரண்டு பேர் கறுத்த தோலுடையவர்களாக இருந்தால் போதும் என்றது. யார் விரலை வைத்துச் சோதிப்பது என்று மனிதர்கள்தானே முடிவு செய்தார்கள்? இதை நிறவெறி என்றுதான் சொல்வேன்.

தடித்த தோல், குளிர்ந்த விரல், புகைப்பழக்கம் இருந்தாலும் அளவு பிசகும் என்கிறது அதே அரசு. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கறுத்த கைக்கு இதில் எது இல்லை? வசதியானவருக்கு மூச்சு வாங்கினாலே அட்மிஷன் போட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கூலிக்காரருக்கு இந்த எண்தான் டாக்டர்.

அதற்காக வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று ஸ்டார் கொடுக்கிறேன். எந்த நிறத் தோலில் சோதித்தார்கள் என்று பெட்டியில் ஒரு வரிகூட இல்லை, அதற்குத்தான் இரண்டைக் குறைத்தேன்.

நன்றாக இருக்கும் நாளிலேயே அளவெடுத்து எழுதி வையுங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு மாட்டுங்கள். வழக்கமான அளவிலிருந்து மூன்று நான்கு இறங்கினாலே கிளம்பிவிடுங்கள். கறுத்த உதட்டில் நீலம் சட்டென்று தெரியாது, நாக்கைப் பாருங்கள். அப்புறம், எண் நன்றாக இருந்தும் ஆள் திணறினால், "ரத்தம் எடுத்துப் பாருங்க" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.