மீட்டருக்கு அம்பர் வெளிச்சம், செலவு 80 ரூபாய்

விடிகாலை நாலு மணிக்குப் பால் போடக் கிளம்புகிறவன் நான். என் பழைய 150 சிசி வண்டியில் மீட்டர் முள் இருட்டில் தெரியவே தெரியாது. சென்னை புதுப்பேட்டையில் 12 வோல்ட் டி10 (செருகும் வகைச் சின்ன பல்பு) அம்பர், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிற எல்இடி இரண்டு வாங்கினேன்.

மீட்டரின் அடியில் ரப்பர் ஹோல்டரை இழுத்தால் பல்பு கையோடு வந்துவிடும். என் வண்டியில் பழைய பல்புக்குப் பச்சை நிறம் தந்தது அதன்மேல் மாட்டிய ரப்பர் குல்லாதான், புதியதற்கு அது வேண்டாம். புதியது எரியாவிட்டால் திருப்பிச் செருகுங்கள், எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு.

ஒரு குறை: வெளிச்சம் நேராகப் பாய்வதால் நடுவே பளிச்சென்றும் மீட்டரில் 100 என்ற எண்ணுக்கு மேல் இருட்டாகவும் இருந்தது. பல்பின் முனையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தேன், பரவிவிட்டது. அம்பரில் கண் கூசவில்லை; நீலத்தை வாங்கச் சொல்லமாட்டேன்.